கட்டிலுக்கடியில் ஒரு இன்ஜின்

எங்கள் பெரியப்பா கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். அதற்கென்றே வீட்டில் ஒரு தராசு இருந்தது. அந்தத் தராசு சரியானதுதானா என்று பார்க்க ஒரு எடைக்கல்லும் இருந்தது. எடைக்கல்லைச் சரிபார்க்க என்ன செய்வார் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிருக்கும்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். ஷிஃப்ட் முடிந்து வெளியே போகிறவர்களின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பதும் அவர் வேலையில் சேர்த்தி. முப்பது வருஷத்தில் ஒரு டப்பாவிலிருந்தும் ஒரு போல்ட்டுகூட அகப்பட்டதில்லை. அதிலிருந்து வேறு யாராக இருந்தாலும் ஆட்கள் நல்லவர்கள் என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள். பெரியப்பா, தான் பார்ப்பதால்தான் யாரும் எடுக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார். ஓய்வு பெற்ற பிறகு திறந்து பார்க்க டப்பா இல்லாமல் போனதால் எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

காலடிப்பேட்டையில் எங்கள் வீடு. கீழே பெரியப்பா குடும்பம், மாடியில் அப்பா, அம்மா, நான். சமையல் ஒன்றாகத்தான் நடந்தது. வாசலில் ஒரு கறுப்புக் கார் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும். தொழிற்சாலை முதலாளிகள் வெள்ளைக்காரர்களாக இருந்த காலத்தில் ஓட்டிய கார் அது. பழைய சாமான்களைக் கழித்துக் கட்டியபோது பெரியப்பா வாங்கிவந்தார். சில வருஷம் ஓடியது. பிறகு பெட்ரோலைவிட ஆயிலை அதிகமாகக் குடிக்க ஆரம்பித்து, தெருவெல்லாம் புகையைக் கக்கி, ஒரு நாள் ஏற்றம்கூட இல்லாத சாதாரண ரோட்டில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. வந்து பார்த்த மெக்கானிக்குகள் எல்லோரும் இன்ஜின் தேய்ந்துவிட்டது, ஸ்பேர் கிடைக்காது என்று சொன்னார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதே பெரியப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. ஊரிலுள்ள மெக்கானிக்குகள் கூடிப் பேசி வைத்துக்கொண்டு தன் காரை இரும்பு விலைக்கு அடிக்கப் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "எங்க அண்ணன் செய்வாரு" என்றாள்.

மாமா ராயபுரத்தில் லாரி மெக்கானிக். துறைமுகத்துக்குள் போக வரிசையில் காத்து நிற்கிற கன்டெய்னர் லாரிகள்தான் அவருக்குச் சோறு போட்டன. அவர் கை பட்ட லாரி அடுத்த மாசம் திரும்பி வராது என்று அந்தப் பக்கம் டிரைவர்கள் சொல்வார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அவருக்கு வேறு பேர் இருந்தது. அம்மா கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த சீலிங் ஃபேனில் மூடி ஒரு கம்பெனி, மோட்டார் வேறு கம்பெனி. பெரியப்பா அதைக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்து, பதிமூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபேன் பதிமூன்று வருஷமாக ஒழுங்காக ஓடுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. அவர் மாமாவைத் திருடன் என்று வாய்விட்டுச் சொன்னதும் கிடையாது. அம்மா பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அவள் பையை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அம்மாவுக்கு அந்தப் பார்வை ஒன்றுதான் குறை. அண்ணன் இந்த இன்ஜினைச் செய்து கொடுத்து, சாமான் எல்லாம் போனபடியே திரும்பி வந்துவிட்டால் அந்தப் பார்வை போய்விடும் என்று அவள் நம்பினாள்.

பெரியப்பா மூன்று நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். வெளியாளைவிடச் சொந்தக்காரனைக் கண்காணிப்பது சுலபம் என்பது அவர் கணக்கு. எனக்கு அப்போது பதினொரு வயசு, கோடை விடுமுறை. வருஷா வருஷம் மே மாசம் நானும் அம்மாவும் மாமா வீட்டில் தங்குவோம். மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அந்த ஒரு மாசம்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். கிளம்புகிற அன்று பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தன் மகளின் நகப்பூச்சு சீசா ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"ஒவ்வொரு சாமான் கழட்டும்போதும் பக்கத்துல இரு. யாருக்கும் தெரியாம ஒரு பொட்டு வை. கடைசியில பொட்டு இருந்தா அது நம்ம சாமான். இல்லைன்னா நம்ம சாமான் இல்ல."

செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். போட்டோவை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்றார். யாருக்கும் சொல்லாதே, அம்மாவுக்கும் சொல்லாதே என்றார். அந்த வீட்டில் அதுவரை என்னை யாரும் எதற்கும் நம்பியதில்லை. யாரையும் நம்பாத மனிதர் என்னை நம்பினார் என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

மாமாவின் ஷெட் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. காரை அங்கே கட்டி இழுத்துவந்து, செயின் போட்டு இன்ஜினைத் தூக்கி மேஜையில் வைத்தார்கள். மாமா ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற நான் ஒவ்வொன்றிலும் பொட்டு வைத்தேன். மாமா பார்த்தார், சிரித்தார். பொம்பளைப் பிள்ளை, விளையாடுகிறது என்று நினைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் எல்லாச் சாமானையும் மண்ணெண்ணெய்த் தொட்டியில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். என் பொட்டெல்லாம் போய்விட்டது. வேண்டுமென்றே அழித்துவிட்டார் என்று எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது.

அதிலிருந்து அவர் எதைச் செய்தாலும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. போன் வந்தால் வெளியே போய்ப் பேசினார். ஆயிலை விரலில் தொட்டு நெரடிப் பார்த்துவிட்டு, பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. இன்ஜினுக்குள் சுழல்கிற கனமான தண்டு, கிராங்க் என்பார்கள், அதைப் பழைய புடவையில் குழந்தை மாதிரி சுற்றி, ஷேர் ஆட்டோவில் வண்ணாரப்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு போனார். நானும் வருவேன் என்று அடம் பிடித்துப் போனேன். அங்கே லேத்து பட்டறை வைத்திருந்த பாயும் அவரும் கிராங்கைக் குனிந்து பார்த்து ஏதோ கிசுகிசுத்தார்கள்.

"மாமு, இது அந்தக் காலத்து இரும்பு. இப்ப இந்த மாரி எவன் போட்றான்?" என்றார் பாய்.

"அதான் பயமா கீது பாய். உன் கையில குடுத்துட்டுப் போறேன், பாத்துக்கோ" என்றார் மாமா.

இருவரும் சேர்ந்து அதை விற்கப் போகிறார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா பஸ் ஏறி வந்தார். என்னை மட்டும் கடைக்கு அழைத்துப் போய் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து விசாரித்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. ஒருவர் கெட்ட செய்தி கேட்டு அத்தனை சந்தோஷப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரோஸ்மில்க்கில் பாதி குடிப்பதற்குள் என் செய்திகள் தீர்ந்துவிட்டன. மீதிப் பாதிக்காக, பாய் மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தார் என்று ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். பெரியப்பா அதைத்தான் அதிகமாக நம்பினார்.

இன்ஜினின் உள்ளே பிஸ்டனுக்குக் கீழே நீளமாக ஒரு கால் இருக்கும். கன்ராடு என்பார்கள். அதன் அடிப்பாகம் இரண்டாகப் பிரியும். கிராங்கை நடுவில் வைத்து, கீழே ஒரு மூடி போட்டு, இரண்டு நட்டால் முடுக்க வேண்டும். நாலு பிஸ்டனுக்கு நாலு கன்ராடு, நாலு மூடி. எல்லாம் பார்க்க ஒன்று போலவே இருக்கும். எந்த மூடி எதற்கு என்று எண் இருந்திருக்கிறது. எந்தக் காலத்திலோ எவனோ அரம் போட்டுத் தேய்த்துவிட்டான். புதிதாகக் குறி குத்தலாம்தான். ஆனால் வயசான இரும்பைச் சுத்தியலால் அடித்தால் விரிசல் விடும் என்று மாமா பயந்தார். அதனால் தன் வழக்கப்படி ஒன்று செய்தார். ஒரு ராடைக் கழற்றியவுடன் அதன் மூடியை அதிலேயே வைத்து, நட்டை விரலால் திருகி மூடிவிடுவார். அம்மாவின் பழைய புடவைகளைக் கிழித்து, முதல் ராடுக்குச் சிவப்புத் துணி, இரண்டாவதற்குப் பச்சை, மூன்றாவதற்கு மஞ்சள், நாலாவதற்கு வெள்ளை என்று சுற்றி வைத்தார்.

"ஜோடியப் பிரிக்கவே கூடாது பாப்பா. ரெண்டையும் ஒண்ணா வெச்சிதான் ஓட்டை போட்டுக்கீறான். இதோட மூடி இதுக்குத்தான் குந்தும். மாத்திப் போட்டா அப்பால கடிச்சிக்கும், இன்ஜினே போயிடும்" என்றார்.

என்னிடம்தான் சொன்னார். காதில் விழுந்தது. ஆனால் நான் அப்போது அவர் சட்டைப் பை உப்பலாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பீடிக் கட்டுதான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

பாய் பட்டறையிலிருந்து எல்லாம் திரும்பி வந்தன. பாய் எங்கெங்கோ தேடிப் பிடித்துக் கொடுத்த புதுப் பேரிங்குகளை மாமா ராடுகளில் பொருத்திப் பார்த்து, மறுபடி மூடி, அதே துணிகளில் சுற்றினார். பிறகு நான் நினைத்தே பார்க்காத காரியம் ஒன்று செய்தார். நாலு ராடையும் ஷெட்டில் வைக்காமல், ஆயில் தடவிய சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். கடற்கரைக் காற்று உப்புக் காற்று, தேய்த்துப் பளபளவென்று ஆன இரும்பு திறந்த ஷெட்டில் ஒரு ராத்திரி கிடந்தால் துரு பூத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா பெரியப்பாவின் சாமானைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்திருக்கிறார் என்பதுதான்.

அடுத்த ஞாயிறு பெரியப்பா அதைக் கேட்டுவிட்டு, ரோஸ்மில்க்கோடு சமோசாவும் வாங்கிக் கொடுத்தார். நகப்பூச்சு அழிகிறது என்றால் அழியாத குறி போட வேண்டும், அதுவும் யாரும் பார்க்காத இடத்தில், உள்ளே போட வேண்டும் என்றார். எப்படிப் போடுவது என்று அவர் சொல்லவில்லை. அதை நானே கண்டுபிடித்தேன். என் ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் இருந்தது.

மறுநாள் மத்தியானம் மாமா ஷெட்டில் இருந்தார். அம்மா சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் ஃபேனுக்கடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் உள் அறையில் கட்டிலுக்கடியில் நுழைந்தேன். சிவப்புத் துணியைப் பிரித்தேன். விரலால் திருகிய நட்டுதான், என் விரலுக்கே வந்தது. மூடி கழன்றது. உள்ளே பேரிங், பாதி வளையல் போல ஒரு தகடு, நெம்பினால் கையோடு வந்தது. அதற்கு அடியில் ராடில் ஒரு கோடு, மூடியில் ஒரு கோடு, காம்பஸ் முனையால் அழுத்திக் கிழித்தேன். பேரிங்கைத் திரும்ப வைத்து மூடினேன். நாலாவதான வெள்ளையில், ராடில் நாலு கோடு, மூடியில் நாலு கோடு. எனக்கு வேலை பிடித்துப்போயிற்று. நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று பச்சையையும் மஞ்சளையும் ஒன்றாகப் பிரித்துப் போட்டேன். பச்சைக்கு இரண்டு கோடு, மஞ்சளுக்கு மூன்று கோடு. கடைசிக் கோட்டைக் கிழித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் அம்மா எழுந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கைக்குக் கிடைத்த மூடியைக் கைக்குக் கிடைத்த ராடில் வைத்துத் திருகி, துணியைச் சுற்றி, சாக்கைக் கட்டிவிட்டு வெளியே வந்தேன். முழங்கையெல்லாம் ஆயில். ஏது என்று அம்மா கேட்டதற்கு, மாமா சைக்கிள் செயினைத் தொட்டேன் என்று சொன்னேன்.

ராடுகளைத் திரும்ப மாட்டுகிற நாள் ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்க வேண்டும் என்று பெரியப்பா சொல்லி அனுப்பியிருந்தார். காலையிலேயே வந்து, ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். முறைக்கு மச்சான் என்று கூப்பிட வேண்டியவரை, என் மாமா எப்போதும் "சார்" என்றுதான் கூப்பிடுவார். பெரியப்பாவும் அதைத் திருத்தியதில்லை. ஒவ்வொரு துணியாகப் பிரித்து, ஒவ்வொரு ராடாக மாட்டி, நாலையும் முடுக்கினார் மாமா. பிறகு கையால் கிராங்கைச் சுற்றிப் பார்த்தார். நின்றார். மறுபடி சுற்றினார்.

"நடுவுல கொஞ்சம் டைட்டா கீது சார். ஒரு தபா தொறந்து பாத்துட்றேன்."

"எதுக்கு?"

"சொம்மா ஒரு டவுட்டு."

"இப்போ என் கண்ணு முன்னால போட்டது. மறுபடி எதுக்குத் திறக்கணும்? திறந்து எதை எடுக்கணும், எதை வைக்கணும்?" என்றார் பெரியப்பா.

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் அண்ணே, விட்டுவிடு என்பது போல. மாமாவுக்குத் தான் மூடிய மூடி மேல் நம்பிக்கை இருந்தது. "செரி, புது பேரிங்கு. ஓட ஓட சரியாப் பூடும்" என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு வேலையைப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து இன்ஜின் காரில் உட்கார்ந்தது. எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, மாமா சாவியைத் திருப்பினார். இரண்டு முறை இருமியது, மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. புகையே இல்லை. ஷெட்டில் நின்ற லாரி டிரைவர்கள் கைதட்டினார்கள். பெரியப்பா ஏறக்குறையச் சிரித்துவிட்டார். அம்மாவின் முகத்தை நான் அன்று பார்த்தேன். அவ்வளவு அழகாக அவள் இருந்து நான் பார்த்ததில்லை, ஆனாலும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. மாமா திருடவில்லை என்றால் நான் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லையே.

நெட்டுக்குப்பம் வரை ஒரு ஓட்டம் போய்வரலாம் என்று கிளம்பினோம். மாமா ஓட்டினார், பக்கத்தில் பெரியப்பா, பின்னால் நானும் அம்மாவும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை. லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்துக் கையாட்டினார்கள். திருவொற்றியூர் தாண்டினோம். எர்ணாவூரை நெருங்கும்போது இன்ஜினுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல டக்டக் என்று ஒரு சத்தம். மாமா உடனே ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். கருகின ஆயில் வாசனை வந்தது. அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"டூப்ளிகேட் சாமான் போட்டா எவ்வளவு தூரம் ஓடும்? இவ்வளவு தூரம்தான் ஓடும்" என்றார் பெரியப்பா. தெரிந்த லாரி ஒன்றில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினோம். போகும்போது கையாட்டிய அதே ஆட்கள் திரும்பும்போதும் பார்த்தார்கள். அம்மா வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை, பெரியப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, மாமா காருக்கு அடியில் படுத்துத் திறந்தார். இரண்டாவது, மூன்றாவது மூடிகளோடு வெளியே வந்தார். உள்ளே பேரிங் கறுத்துத் தேய்ந்து கிடந்தது. இரண்டாவது மூடியிலிருந்து அதை நெம்பி எடுத்தார். எடுத்த இடத்தில் மூன்று கோடு. மறுபடி கீழே போனார். இரண்டாவது ராடில் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியும், அங்கே இரண்டு கோடு இருந்திருக்கும். வெளியே வந்து என் பக்கம் திரும்பினார். என் கையில் காம்பஸ் இல்லை, இருந்தாலும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் கட்டை விரலால் அந்தக் கோடுகளை ஒரு தரம் தடவினார்.

"என் தப்பு சார். மூடி மாறிப்போச்சி" என்றார்.

"மாறிப்போச்சா, மாத்தினியா?"

"நான்தான் மாத்திட்டேன். மறதியா."

ஜோடியைப் பிரிக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனிதர் அதைச் சொன்னதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை. பெரியப்பா முன்னால் போய் நின்று, நகப்பூச்சிலிருந்து காம்பஸ் வரை, கட்டிலுக்கடியில் இரண்டை ஒன்றாகப் பிரித்தது வரை, ஒன்று விடாமல் சொன்னேன். பாய் கண்ணடித்தது பொய் என்றும் சொன்னேன். சொல்லி முடித்தபோது உடம்பு லேசானது போல இருந்தது. உண்மை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள்.

பெரியப்பா மூடியை வாங்கிக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். மாமா மற்ற இரண்டு மூடிகளையும் கழற்றிக்கொண்டுவந்து பேரிங்கை எடுத்துக் காட்டினார். ஒன்றில் ஒரு கோடு, ஒன்றில் நாலு கோடு. நான் போட்ட குறி எல்லாம் இருந்தது. அப்படியென்றால் எல்லாம் நம் சாமான்தான், மாமா ஒன்றையும் மாற்றவில்லை. பெரியப்பா சொன்ன கணக்குதானே அது. அவர் இப்போது எழுந்து மாமாவிடம் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கோடு கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பழசை வித்துட்டு வேற ஒண்ணை வெச்சி, அதே மாதிரி கோடு கிழிச்சா யாருக்குத் தெரியும்?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "எத்தனை நாளா சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?" என்னைக் கேட்டார், ஆனால் கண் அம்மா மேல் இருந்தது.

"என் பொண்ணு இப்ப பொய் சொல்லல" என்றாள் அம்மா.

"அப்போ உங்க அண்ணன் சொன்னது பொய்யா? என் தப்புன்னு அவரே சொன்னாரே."

மாமா என்னைக் காப்பாற்றச் சொன்ன ஒரே ஒரு பொய், என் உண்மையின் கழுத்தைப் பிடித்துவிட்டது. நான் கத்தினேன், தரையில் காலை உதைத்தேன், சாமி சத்தியம் என்றேன். பெரியப்பா என் தலையைத் தடவி, "பாவம், குழந்தை" என்று எழுந்துவிட்டார். பிற்பாடு இன்ஜினை வேறு பட்டறைக்குத் துண்டு துண்டாக ஏற்றிக்கொண்டு போனார். அந்த மெக்கானிக் மூடியைச் சரியாக மாற்றிப் போட்டு, எல்லாம் அசல் சாமான்தான் சார் என்று சொல்லியிருக்கிறார். மாமா அவனையும் கையில் போட்டுக்கொண்டார் என்பது பெரியப்பாவின் முடிவு. கார் இப்போதும் நன்றாகத்தான் ஓடுகிறது. மாடியில் அம்மா தனி அடுப்பு வைத்துவிட்டாள்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் அம்மா ஷெட்டிலிருந்த நாலு கலர்த் துணிகளையும் வீட்டுக்கு எடுத்துவந்து, கூடத்தில் உட்கார்ந்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அழுக்குத் துணி, மடிக்க அதில் ஒன்றும் இல்லை. நான் வாசற்படியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாமா குழாயடியில் கைகழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"பாப்பா, ஒண்ணு கேக்கட்டா? பெரியப்பா சொன்னாருன்னுதான் செஞ்சியா? இல்ல, மாமா எட்த்துடுவேன்னு நீயும் நெனச்சியா?"

அன்று காலையிலிருந்து நான் சொன்ன உண்மையை யாரும் நம்பவில்லை. ஒருவராவது நம்ப வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. இனிமேல் வாழ்க்கையில் பொய்யே சொல்வதில்லை என்று அன்றுதான் தீர்மானமும் செய்திருந்தேன். அதனால் அவசரப்படாமல், கையிலிருந்த கவளத்தை முழுங்கிவிட்டு, நன்றாக யோசித்துச் சொன்னேன்.

"நானும்தான் மாமா நெனச்சேன்."

மாமா என்னையே பார்த்தார். "செரி கண்ணு, துன்னு" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். பெரியப்பாவிடம் அத்தனை கத்தியும் எடுபடாத என் உண்மையை மாமா ஒரே வார்த்தையில் நம்பிவிட்டார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. தட்டில் இருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.